தட்டைப் பட்டன்கள் யாருக்காக?

மைக்ரோவேவ் அடுப்பிலும், மருத்துவமனையில் சொட்டுச்சொட்டாக மருந்து ஏற்றும் பம்பிலும் முகப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு மெம்பிரேன் கீபேட் என்று பெயர். மேலே எண்கள் அச்சிட்ட தாள், நடுவே துளையிட்ட இடைத்தாள், அடியில் வெள்ளி மையால் வரைந்த மின்சுற்று, இவ்வளவுதான் அமைப்பு. அழுத்தினால் மேல்தாள் துளைக்குள் இறங்கிச் சுற்றைத் தொடும். அந்த இறக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் விரலுக்கு எதுவும் தெரியாது. இதே அடுக்குக்குள் ஒரு சிறு எஃகுக் குமிழை வைத்துவிட்டால் கதையே வேறு. போதுமான அழுத்தம் வந்ததும் அது 'டக்'கென்று உள்வாங்குகிறது. சுற்றை இணைப்பதும் அந்தக் குமிழே என்பதால், விரல் உணர்வதும் மின்சாரம் பாய்வதும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நடக்கின்றன. உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட கருவிகளிலாவது இந்தக் குமிழைக் கட்டாயமாக்க வேண்டும்.

குமிழில்லாத தட்டைத் தாள், விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணின்மேல் சுமத்துகிறது. 1980-இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்80 கணினியில் தட்டையான மெம்பிரேன் விசைப்பலகைதான் இருந்தது; விலை குறைந்தது, தட்டச்சு செய்வதோ பெரும்பாடு. 1982-இல் அதே நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினியில் மெம்பிரேன் தாளை அடியிலேயே வைத்துக்கொண்டு, மேலே ரப்பர் விசைகளைப் பொருத்தியது. கணினியில் பிழை நேர்ந்தால் ஓர் எழுத்தை அழித்துத் திருத்தலாம். மருந்தின் அளவை அப்படித் திருத்த எப்போதும் அவகாசம் கிடைக்காது.

'பீப்' ஒலி போதாதா என்று கேட்பார்கள். அது அழுத்தம் பதிவானதைச் சொல்லும். விரல் எந்தப் பட்டன்மேல் இருக்கிறது என்று சொல்லாது. பத்துக் கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருடைய பீப் எது என்று பிரித்தறிவதும் கடினம். தட்டையாக இருந்தால்தான் துடைக்க எளிது, ஈரம் புகாது என்ற வாதத்திலும் வலுவில்லை. குமிழ் இருப்பது மூடிய தாளுக்கு அடியில். மேற்பரப்பு எப்போதும்போல் வழவழப்பாகவே இருக்கும். செலவு சற்றுக் கூடும் என்பதும், குமிழ் விறைப்பாக இருந்தால் மூட்டுவலிக்காரர்களின் விரல் நோகும் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு அழுத்தத்தில் குமிழ் மடங்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே தேர்ந்துகொள்ளலாம்.

குமிழ் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பட்டனை அழுத்துவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்கு மேடான விளிம்பும், தொலைபேசியில் 5-ஆம் எண்மேல் இருப்பதுபோன்ற சிறு புள்ளியும் வேண்டும். பார்வையற்றவர்களுக்கு இவை இரண்டும் இல்லாத கீபேட் வெறும் சுவர். 2014 ஜூலை முதல் நிறுவப்படும் புதிய ஏடிஎம்களில் பேசும் வசதியும் பிரெய்ல் கீபேடும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த அக்கறை சமையலறைக்கும் மருத்துவமனைக்கும் வர வேண்டும். அடுத்த முறை கடையில் ஒரு கருவியைப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், விரலுக்குத் தெரிகிற வேறொன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.