தொப்பை கரைக்கும் ஊசி: பழவேற்காடு மீனவர்களே உஷார்!

பொன்னேரி:

உடம்பு குறைக்கிற ஊசி இனி பணக்காரர்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று ரூ.3,500. வாரம் ஒரு ஊசி, மாதம் ரூ.14 ஆயிரம். அதே ரகத்தைச் சேர்ந்த செமாக்ளூடைட் மருந்தின் இந்திய காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்ததால் உள்ளூர் கம்பெனிகளுக்கும் கதவு திறந்துவிட்டது. விலை இறங்க இறங்க பழவேற்காடு குப்பங்களுக்கும் இது வந்து சேரும்.

மீனவனுக்கு தொப்பையா என்று சிரிக்காதீர்கள். கட்டுமரத்தில் துடுப்பு போட்ட காலம் மலையேறிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகும் மோட்டாரும் பெருகி, உடம்புக்கு வேலை குறைந்தது. முகத்துவாரத்தை மணல் மூடினால் தொழிலும் படுத்துவிடும். ஆனால் சாப்பாடு பழைய அளவுதான். ராத்திரி பரோட்டாவும் சரக்கும் தனிக்கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழக ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 28 சதவீதம்தான்!

ஊசி வேலை செய்யாமல் இல்லை. பசியை அடக்கும், இரைப்பையில் சாப்பாடு மெதுவாக இறங்கும். செமாக்ளூடைட் சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. 100 கிலோ ஆள் 85 கிலோ ஆகலாம். ஆனால் நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. வருமானம் நிலையில்லாத வீட்டில் இந்த ஊசியை வருஷக்கணக்கில் யார் வாங்குவது?

அழகுக்கு போடுகிற ஊசியும் இல்லை இது. 5 அடி 5 அங்குல ஆள் என்றால் சுமார் 82 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் 73, 74 கிலோவில் யோசிக்கலாம். லேசான தொப்பைக்கெல்லாம் கிடையாது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு வேறு சிக்கலும் உண்டு. ஆரம்ப வாரங்களில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு சகஜம். வெயிலில், நடுக்கடலில் உடம்பில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். படகில் யார் தூக்குவது? கணையம், பித்தப்பை தொல்லையும் சிலருக்கு வரும். குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் தொடவே கூடாது.

இன்னொன்று. திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். நம்மகிட்டதான் ஐஸ் இருக்கே என்று மீன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பழைய ஆர்லிஸ்டாட் மாத்திரை கொழுப்பு சேராமல் தடுக்கும், எண்ணெய் எண்ணெயாக வெளியே போகும். அதைப் போட்டுக்கொண்டு படகில் ஏறுவது அவரவர் தைரியம்!

பெரிய பயம் டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிற சரக்கில்தான். மாரடைப்பு ஆபத்தால் 2011ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமைன், மூலிகை என்று விற்கும் பொடிகளில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 2026 ஜனவரியில் மதுரையில், யூடியூப் பார்த்து எடை குறைய வெங்காரம் சாப்பிட்ட மாணவி இறந்தே போனார்.

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை, சர்க்கரை, பிரஷர் பார்க்கலாம். ஆனால் ஆம்பளைகள் போவது அபூர்வம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீடு வருகிற நேரத்தில் இவர்கள் தண்ணியில் இருப்பார்கள். காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கே எடை மெஷினோடு ஊழியர்கள் வந்தால் அத்தனை பேரும் அங்கேயே கிடைப்பார்கள். மாவட்ட சுகாதாரத்துறை இதை செய்யுமா?