ஹுப்பள்ளி: 27 நாட்களில் இரண்டு கொலைகள், போலீஸ் மீதும் டிவி மீதும் மக்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கர்நாடகாவின் ஹுப்பள்ளியில் 2024 ஏப்ரல் 18 அன்று, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே 23 வயது மாணவி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். மே 15 அதிகாலை, அதே ஊரின் வீராப்பூர் ஓணி பகுதியில், வீட்டில் இருந்த 20 வயது பெண் அதேபோலக் கத்திக்குத்தில் இறந்தார். இடையில் 27 நாட்கள்.

இரண்டு பெண்களின் பெயர்களும் அந்த வாரங்களில் ஹேஷ்டேக்காகப் போதும் போதும் என்கிற அளவுக்குச் சுற்றிவிட்டன. இந்தக் கட்டுரைக்குப் பெயர்கள் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு கேள்விதான்: முதல் கொலையைப் பற்றி நாடே பேசிய பிறகும், அதே ஊர் போலீஸால் இரண்டாவதை ஏன் தடுக்க முடியவில்லை?

முதல் கொலையில் நடந்தது என்ன?

இறந்தவர் எம்.சி.ஏ. மாணவி. தந்தை ஹுப்பள்ளி-தார்வாடு மாநகராட்சியின் காங்கிரஸ் கவுன்சிலர். குற்றம்சாட்டப்பட்டவர் அந்த மாணவியுடன் முன்பு அதே கல்லூரியில் படித்தவர், முஸ்லிம். போலீஸ் உடனே அவரைக் கைது செய்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் தாமதம் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

கோபம் கிளம்பியது அதற்குப் பிறகு. தனிப்பட்ட காரணத்தால் நடந்த கொலை என்றார் முதல்வர் சித்தராமையா. இருவரும் காதலித்ததாகத் தெரிகிறது என்கிற மாதிரி பேசினார் உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா. மகள் மறுத்துவிட்டாள், அதனால்தான் கொன்றான் என்று தந்தை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. விசாரணை ஆரம்பிப்பதற்குள் அமைச்சரே காரணத்தை அறிவித்தால், பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு எப்படி இருக்கும்? பரமேஸ்வரா பிறகு வருத்தம் தெரிவித்தார். வழக்கு சி.ஐ.டி.க்குப் போனது, சிறப்பு நீதிமன்றம் அமைப்போம் என்றும் அரசு அறிவித்தது.

அப்போது தேர்தல் நேரம் என்பதை மறக்கக் கூடாது. கர்நாடகாவில் வாக்குப்பதிவு ஏப்ரல் 26, மே 7 என இரண்டு கட்டம். தார்வாடு தொகுதிக்கு மே 7. 'லவ் ஜிஹாத்' என்றது பா.ஜ.க. கட்சித் தலைவர் ஜே.பி. நட்டா அந்த வீட்டுக்கே நேரில் போனார். காங்கிரஸ் தற்காப்பில் நின்றது.

டிவியில் ஓடியது என்ன?

சிசிடிவி காட்சி. திரும்பத் திரும்ப அதேதான். இறப்பு, விபத்து, பெண்கள் மீதான வன்முறைக் காட்சிகளை அப்படியே ஒளிபரப்ப வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரியிலேயே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியிருந்தது. அது கோப்பில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

காட்சி ஓடாத நேரத்தில் விவாதம். 'காதலா, ஜிஹாதா?' என்று இரண்டே கட்டம் போட்டு அதற்குள் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பது இரண்டு கட்டத்திலும் அடங்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவரின் பெற்றோரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள், மகனுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்றார் தந்தை. தார்வாடில் முஸ்லிம்கள் கடைகளை அடைத்து, அந்த மாணவிக்கு நீதி கேட்டார்கள். தேசிய சேனல்களின் இரவு விவாதங்களில் இவற்றுக்குக் கிடைத்த நேரம் சொற்பம்.

ஜூலையில் சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. திருமணத்துக்கு மறுத்து, பேச்சை நிறுத்திக்கொண்டதால் வந்த ஆத்திரம் என்பதுதான் அதில் சொல்லப்பட்ட காரணம். 'லவ் ஜிஹாத்' அதில் இல்லை. ஆனால் அதற்குள் தேர்தலும் முடிந்துவிட்டது, கேமராக்களும் வேறு ஊருக்குப் போய்விட்டன.

மே 15: முன்கூட்டியே சொன்ன கொலை

இரண்டாவது பெண்ணை வளர்த்தது பாட்டி. குற்றம்சாட்டப்பட்டவர் இந்து இளைஞர். திருட்டு வழக்குகளில் ஏற்கெனவே போலீஸுக்குத் தெரிந்தவர். தன்னோடு மைசூருக்கு வரச் சொன்னார், வராவிட்டால் ஏப்ரலில் அந்த மாணவிக்கு நடந்ததுதான் உனக்கும் நடக்கும் என்று மிரட்டினார் என்கிறது குடும்பம். பாட்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். மூடநம்பிக்கை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் குடும்பத்தின் புகார்.

கொலைக்குப் பிறகு அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் தலைமைக் காவலரும் சஸ்பெண்ட். சில நாட்களில் துணை ஆணையர் ஒருவரும் சஸ்பெண்ட். தப்பி ஓடும்போது ரயிலில் இன்னொரு பெண்ணையும் அந்த இளைஞர் தாக்கியதாகச் சொன்ன போலீஸ், தாவணகெரே பக்கம் அவரைப் பிடித்தது. இந்த வழக்கும் சி.ஐ.டி.க்கே போனது.

ஊர் மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதல் கொலை எந்த எச்சரிக்கையைத் தந்ததோ, அதையே உதாரணம் காட்டித்தான் இரண்டாவது மிரட்டல் வந்திருக்கிறது. ஊரில் யாருக்குப் புரியாவிட்டாலும் ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டாமா? ஆனால் இந்தக் கொலைக்குத் தேசிய சேனல்களில் முன்பிருந்த ஆவேசம் இல்லை. இரண்டு தரப்பும் ஒரே மதம் என்றால் 'ஆங்கிள்' இல்லை போலிருக்கிறது.

போலீஸ் என்ன செய்திருக்க முடியும்?

நிறையவே. மறுத்த பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 354டி பிரிவில் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அத்தகைய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்ள வேண்டியது அதிகாரியின் வேலை. 'எழுத்துல குடுக்கலையே' என்பது பதிலே அல்ல. வழக்கு போடாமலும்கூட, மிரட்டுபவரைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் நடைமுறை இருக்கிறது. பத்திரத்தை மீறினால் பணமும் போகும், உள்ளேயும் போக நேரிடும்.

சரி, பிறகு ஏன் செய்வதில்லை? அலட்சியம் பாதி. மீதி, சட்டத்திலேயே இருக்கிறது. கொலை மிரட்டல் மட்டும் என்றால், மத்திய சட்ட அட்டவணைப்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம் அது. பின்தொடர்தல் முதல் முறை என்றால் ஜாமீன் உரிமை உண்டு. எல்லாவற்றையும்விட விசித்திரம் இது: பெண்களுக்கு எதிரான சில குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் அதிகாரிக்கே சிறைத்தண்டனை என்று, டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் பாலியல் வல்லுறவு இருக்கிறது, ஆசிட் வீச்சு இருக்கிறது. பின்தொடர்தல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்திலும் சேர்க்கவில்லை. சஸ்பெண்ட் என்பது பெண் இறந்த பிறகு வருவது. புகாரைத் தட்டிக்கழிக்கும் நாளில் அந்த அதிகாரிக்கு இழப்பதற்கு எதுவுமில்லை.

அமைச்சரும் சேனலும் விசாரணைக்கு முன்பே காரணத்தைச் சொல்லும் வழக்கத்துக்கும் கடிவாளம் போட முயற்சி நடந்திருக்கிறது. குற்ற வழக்குகளில் போலீஸ் ஊடகங்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வழிகாட்டி தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. கொடுத்த அவகாசம் மூன்று மாதம். ஹுப்பள்ளியில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததாகவே தெரியவில்லை. அமைச்சர்களின் வாய்க்கு அந்த வழிகாட்டி பொருந்துமா என்பது வேறு கதை.

புகாரை வாங்க மறுத்தால்?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவுப்படி, எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். 'இது எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. இணைய வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுதி அனுப்பலாம், ஆணையரகம் உள்ள ஊரில் அதற்கு இணையான அதிகாரிக்கு. அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மனு போட்ட தேதிக்கு ஆதாரமாக, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.