மாளிகைச் சுவரும் மாளிகை வாசலும்

பரோக் ஓவியம் என்றதும் ரோமாபுரியின் மாடக்கூரையைக் காட்டுவர். மேகத்தில் மிதக்கும் தேவதூதரைக் காட்டுவர். வடக்கே, லொம்பார்தியின் பிரேசியா நகரைக் காட்டுவரோ? காட்டார்!

அங்கேதான் ஜியாகோமோ செருத்தி (1698–1767), கந்தல் உடுத்த பிச்சைக்காரரையும் ரேந்தை பின்னும் பெண்டிரையும் பெருந்திரையில் தீட்டினான். தேவர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய இடத்தில் ஏழையை நிறுத்தினான். அவனுக்குக் கிடைத்த பட்டம் என்ன? ‘பித்தோக்கெத்தோ’ – சின்னப் பிச்சைக்காரன்! 1953-இல் மிலான் நகரில் நடந்த கண்காட்சியே அவன் புகழை மீட்டது.

“ஏழையின் கந்தலில் எழில் ஏது?” என்பாரே, அவன் தீட்டிய சலவைக்காரியைப் பாரீர்! நிமிர்ந்து நம்மை நோக்குகிறாள். அந்த விழி இரக்கம் வேண்டவில்லை, கணக்குக் கேட்கிறது.

எனினும், அவ்வோவியங்களை வாங்கியோர் யார்? பிரபுக்கள்! படமாய் வந்த ஏழைக்கு மாளிகைச் சுவர். பசியோடு வந்த ஏழைக்கு மாளிகை வாசல்! ஓவியத்தைப் போற்றுவது எளிது. வறுமையை ஒழிப்பதன்றோ அதற்கு உரிய விடை?