நான்கு வரிக்கு மாநிலம் முழுக்க இடம் வேண்டும்

சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள ஆமத்தூரில் 18 ஆண்டுகளாக வரி விளம்பரம் எழுதி அனுப்புகிறேன். மணமகள் தேவை, மனை விற்பனைக்கு, பத்திரம் காணவில்லை என எல்லாம் என் மேஜை வழியாகத்தான் அச்சுக்குப் போகும்.

போன மாதம் ஒரு பட்டாசுத் தொழிலாளி வந்தார். தாத்தா பெயரிலிருந்த மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது. "அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருக்கிற பங்காளி கண்ணுலயும் படணும்" என்றார். சென்னை, கோவை, திருச்சி, நெல்லைப் பதிப்புகளையும் சேர்த்தால் ஆகும் தொகையைச் சொன்னேன். கையிலிருந்த கூலிப் பணத்தை இரண்டு முறை எண்ணினார். "மதுரைப் பதிப்பு மட்டும் போதும்" என்றார். அதைச் சென்னைப் பங்காளி எங்கே பார்க்கப்போகிறார்?

1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியது எழுத்துக்கூட்டிப் படிக்கும் எளியவர்களுக்காக. பிறகு ஊருக்கொரு பதிப்பு வந்தது. உள்ளூர்ச் செய்தி கிடைத்தது, நல்லதுதான். ஆனால் எங்கள் மக்கள் ஒரு பதிப்பின் எல்லைக்குள் வாழவில்லை. மகள் திருப்பூரில், மகன் ஓசூரில். எங்கள் சரக்கும் அப்படித்தான்; சிவகாசிக் காலண்டர் தொங்காத ஊர் ஏது? இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின், சிறு வியாபாரிக்கும் அச்சு விளம்பரம் கூடுதல் அவசியமாகிவிட்டது.

தொலைந்த ஆவணம், காணாமல் போனவர், பெயர் மாற்றம் ஆகிய மூன்றுக்காவது எல்லாப் பதிப்புக்கும் சேர்த்து ஒரே சிறு கட்டணத்தைப் பத்திரிகைகள் வைக்க வேண்டும். எந்தெந்தப் பதிப்பில் வரும் என்பதை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும்.

விளம்பரம் கொடுப்பவர்களே, பணம் கட்டும் முன் பதிப்பின் பெயரைக் கேளுங்கள். வெளியான அன்றைய நாளிதழை முழுதாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.