பேயும் வரட்டும், விளக்கும் எரியட்டும்!

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். சாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் அவருடைய பழைய ஓட்டு வீடு. முன்னால் படிப்புரை, அதைத் தாண்டினால் பூமுகம், நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், தலைக்கு மேலே பலகை பாவிய மச்சு. மாமனாரின் தகப்பனார் கட்டிய வீடு. இப்போது அதில் அந்த அம்மாள் ஒருவர்தான் இருக்கிறார். மகன் குடும்பத்தோடு பெங்களூரில். நவம்பர் 1 கர்நாடகத்தில் விடுமுறை நாள் அல்லவா? அதை ஒட்டிப் பேரனும் பேத்தியும் வருகிறார்கள். வருவதற்கு முன்பே போனில் உத்தரவு வந்துவிட்டது: "ஆச்சி, 31-ஆம் தேதி ராத்திரி ஹாலோவீன். வீட்டை நாங்கள்தான் அலங்கரிப்போம். உங்கள் வீடுதான் ஏற்கெனவே பேய் வீடு மாதிரி இருக்கிறதே!"

உத்தரவுக்குப் பின்னால் பார்சலும் வந்து சேர்ந்தது. பிரித்தால் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ரப்பர் வௌவால்கள், பை நிறையப் பஞ்சு ஒட்டடை!

"கூடத்தில் என் வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கிறது. அவர் போய் இரண்டு வருஷந்தான் ஆகிறது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எலும்புக்கூட்டைத் தொங்கவிட எனக்கு மனம் இல்லை. வேண்டாம் என்று சொன்னாலோ குழந்தைகளின் முகம் வாடிப் போகும். 'வீட்டை விற்றுவிடலாம், யார் வந்து இருக்கப் போகிறார்கள்?' என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். குழந்தைகளுக்கும் வீடு பிடிக்காமல் போய்விட்டால் அவன் பேச்சுத்தான் ஜெயிக்கும். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரிகளே, இந்த அம்மாளின் சங்கடம் இன்று பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்கூடத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு புதுப் பண்டிகையைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதைத் துரத்தியடிக்கவும் வேண்டாம். கடையில் விற்பதையெல்லாம் வாங்கி வந்து வீட்டை மூடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது.

என்ன பண்டிகை இது?

கிறிஸ்தவர்கள் நவம்பர் 1-ஆம் தேதியைச் சகல புனிதர்களின் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்திய இரவுதான் ஹாலோவீன். மறுநாளான நவம்பர் 2 இறந்துபோன ஆன்மாக்களை நினைக்கும் நாள். அயர்லாந்து தேசத்தில் அந்த இரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கிழங்குக்குப் பதிலாகப் பெரிய பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டார்கள். எலும்புக்கூடும் பஞ்சு ஒட்டடையும் பிற்பாடு கடைக்காரர்கள் சேர்த்தவை. அடிப்படையில் அது விளக்கேற்றிப் போனவர்களை நினைக்கிற காலம்.

இது நமக்குப் புதிதா? அதே நவம்பர் 2-ஆம் தேதி முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் கடற்கரை ஊர்களில் போய்ப் பாருங்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். இந்துக்கள் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கன்னியாகுமரிக் கடலில் முழுகிப் பிதுர்க்கடன் செய்கிறார்கள். பூசணிக்காயில் பூத முகம் எழுதி வாசலில் கட்டுவதும் நமக்குத் தெரியாத வித்தை அல்லவே! புதுவீடு கட்டுகிற இடத்திலெல்லாம் திருஷ்டிப் பூசணி பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது.

ஆகவே ஆச்சி பயப்பட வேண்டியதில்லை. பேரன் கொண்டு வருவது நமக்குத் தூரத்து உறவுதான்.

வீட்டைக் கேளுங்கள்

எந்தப் பண்டிகையானாலும் சரி, பழைய வீட்டை அலங்கரிக்குமுன் அந்த வீட்டை ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வீட்டுக்கு மூன்று அழகு. தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை. தேக்கு, அயனி, பலா என்று கறுத்துப் பளபளக்கும் மரவேலை. மூன்றாவது அதன் இருட்டு. ஆம், இருட்டுந்தான்! வெயிலும் மழையும் உள்ளே வராமல் இருக்கக் கூரையைத் தாழ இறக்கினார்கள். வெளிச்சம் முற்றத்தின் வழியாக மட்டும் இறங்கி, தூண்களில் பட்டு, உள்ளே போகப் போகக் குறைகிறது. நகரத்து வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு அதைப் பார்த்ததும் 'பேய் வீடு' என்று தோன்றுகிறது. அதுவே அந்த வீட்டின் செல்வம். கடையில் விற்கும் எந்தச் சாமானாலும் அந்த இருட்டை உண்டாக்க முடியாது.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ஏறத்தாழ 1601-இல் தொடங்கி, பின்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாக்கியது. ராஜா வீடு, எவ்வளவு வேண்டுமானாலும் அலங்காரம் செய்திருக்கலாம். ஆனால் பூமுகத்தில் என்ன இருக்கிறது? மர விதானத்தில் 90 விதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே சங்கிலியில் ஒரு குதிரை விளக்கு. கீழே கண்ணாடி போன்ற கறுப்புத் தரை. ஒரு விளக்கை ஏற்றினால் அந்த வெளிச்சம் தரையிலும் மரத்திலும் பட்டு மின்னும். மிச்ச வேலையை வீடே பார்த்துக்கொள்ளும் என்று அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அதுதான் பாடம்: பழைய வீட்டில் சாமான் கூடக் கூட அழகு குறையும்.

இவை வேண்டாம்

1. உத்தரத்திலும் தூணிலும் ஆணி அடிக்காதீர்கள். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு ஆணி சீக்கிரம் துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை ஏறினால் பிறகு போகாது. பழைய வீடுகளில் தொட்டிலும் விளக்கும் தொங்கவிட்ட வளையங்கள் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நூல் கயிற்றால் தூணைச் சுற்றிக் கட்டுங்கள்.

2. சுண்ணாம்புச் சுவரில் பசை நாடா ஒட்டாதீர்கள். பிய்க்கும்போது வெள்ளையும் உரிந்து வரும்.

3. பஞ்சு ஒட்டடையைத் தயவு செய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். வருஷம் முழுவதும் நீண்ட கம்பில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடித்துவிட்டு, கடைசியில் காசு கொடுத்து ஒட்டடை வாங்குவதா? வெளியே கட்டினால் அதில் சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் சிக்கிக்கொள்ளும். மழையில் நனைந்து ஓட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டால் எடுக்க ஆள் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம் என்பதை மறக்க வேண்டாம்.

4. கண்ணைப் பறிக்கும் சர விளக்குகளைப் பழைய மின்கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகாதீர்கள். மரவீடு அது.

இவை செய்யலாம்

படிப்புரையில்: குருத்தோலைத் தோரணம். பகவதி கோவிலானாலும் மாதா கோவிலானாலும் நம் பக்கத்துத் திருவிழாவுக்குக் குருத்தோலை உண்டு. குழந்தைகளை உட்கார்த்திக் கிளியும் பாம்பும் முடையச் சொல்லிக் கொடுங்கள். வேண்டுமானால் அவர்கள் வௌவாலும் முடையட்டும்! இளமஞ்சள் ஓலை கறுத்த மரத்தின் மேல் எத்தனை எடுப்பாக இருக்கிறது என்று பார்ப்பீர்கள். அதோடு தோவாளைச் சந்தையிலிருந்து ஒரு மாணிக்க மாலை கிடைத்தால் விசேஷம். அரளிப் பூவை மடித்து, நொச்சி இலை சேர்த்து, பாய் பின்னியதுபோல் கட்டும் அந்த மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாசலுக்கு ஒன்று போதும்.

பூமுகத்தில்: பூசணிக்காயைத் தேடி அலைய வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. நாரைச் சுரண்டிவிட்டுக் கண் உள்ள பாதியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக ஒரு முகம் உங்களைப் பார்க்கும்! போர்த்துகீசியர் அந்த முகத்தைக் கண்டுதான் பூச்சாண்டிக்கு உரிய 'கோகோ' என்ற பெயரைத் தேங்காய்க்கு வைத்தார்கள் என்பார்கள். ஒரு கண் மெத்தென்று இருக்கும். மற்ற இரண்டையும் பெரியவர்கள் துளைத்துக் கொடுங்கள். உள்ளே சிறு பாட்டரி விளக்கு வையுங்கள். எண்ணெய்த் திரி வேண்டாம். சிரட்டை முதல்தரமான விறகு. திண்ணை ஓரத்தில் ஐந்தாறு சிரட்டை முகங்கள் வரிசையாக இருந்தால் வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் படியேறுவார்கள்.

முற்றத்தில்: பெரிய வேடிக்கை இங்கேதான். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். பின்னால் ஒரு மேஜை விளக்கு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக் குச்சியில் ஒட்டினால் பொம்மைகள் தயார். குமரி மாவட்டம் தோல்பாவைக் கூத்து நடந்த பூமி. அந்தக் கலைக் குடும்பங்கள் நாகர்கோவில் பக்கம் வாழ்ந்தவை. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஆச்சி கள்ளியங்காட்டு நீலியின் கதையை ஆரம்பிக்கட்டும். கள்ளிக்காடு, தனியே வரும் வழிப்போக்கன், சுண்ணாம்பு கேட்கும் பெண்... பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பேரன் சிரிப்பான். நீலியின் நிழல் வேட்டியில் வளரும்போது ஆச்சியின் மடிக்கு அருகில் நகர்ந்து வருவான். கதையின் முடிவையும் மறக்காமல் சொல்லுங்கள். பயமுறுத்தியவளை நம் ஜனங்கள் துரத்தவில்லை. கோவில் கட்டிப் படையல் வைத்து இசக்கியாக்கிக் கும்பிட்டார்கள். பயத்தை ஆற்றுவதற்கு அது ஒரு வழி.

கூடத்தில்: இங்கே ஒரு பொம்மையும் வேண்டாம். தாத்தாவின் படத்தைத் துடைத்து, ஒரு சரம் பிச்சிப்பூ சாத்தி, கீழே நிலவிளக்கை வையுங்கள். திரியைக் குழந்தைகள் கையால் ஏற்றச் சொல்லுங்கள். இந்த இரவின் பழைய அர்த்தம் இதுதான் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். எதற்காக எலும்புக்கூடு இங்கே வேண்டாம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிராது. விளக்கு தோரணத்திலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

மணவாளக்குறிச்சிக் குழந்தைகளுக்குச் சொல்ல இன்னொரு விளக்குக் கதையும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து தொழிற்சாலை வைத்தார். எதற்காகத் தெரியுமா? அந்தத் தாதுவிலுள்ள தோரியம், காஸ் விளக்கின் வலைத்திரிக்கு வேண்டியிருந்தது. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் தூக்கி வருவார்களே, அதில் வெள்ளையாக ஒளிவிடும் வலைத்திரி இதே ரகந்தான். உங்கள் ஊர் மணல் ஒரு காலத்தில் சீமை வீதிகளுக்கு வெளிச்சம் கொடுத்தது! மத்திய அரசின் மணல் ஆலை இன்றும் அங்கே நடக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: விளக்குக்கு அடியில் பரப்புவதற்கென்று அந்தக் கறுத்த கடல் மணலை வாரிக்கொண்டு வராதீர்கள். அணுசக்திக் கனிமம் கலந்தது; அரசின் பாதுகாப்பில் உள்ளது. தோட்டத்து மண்ணே போதும்.

செலவு என்ன ஆயிற்று? ஓலையும் சிரட்டையும் தோட்டத்தில், வேட்டி பெட்டியில், பத்திரிகை பரணில். பூவுக்கும் பாட்டரி விளக்குக்குந்தான் காசு.

மறுநாள் காலையில் தோரணத்தை அவிழ்த்தால் தூணில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. பழைய வீட்டு அலங்காரத்துக்கு அதுதான் பரீட்சை. ஓலை உரக்குழிக்குப் போகட்டும். சிரட்டை முகங்களை மட்டும் கழுவி மச்சில் எடுத்து வையுங்கள், குழந்தைகளின் பெயரை உள்பக்கம் எழுதி. சில வாரங்களில் திருக்கார்த்திகை வரும். தெரளி இலையில் கொழுக்கட்டை அவியும். அப்போதும் அவற்றைத் திண்ணையில் வைக்கலாம். தன் பெயர் எழுதிய பொருள் ஒரு வீட்டின் மச்சில் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை, அந்த வீட்டை விற்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் சும்மா இருக்காது.