மலைப் பிள்ளைகளும் சமயக் கல்லூரிகளும்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கொல்லிமலை அரியூர் நாட்டில் கல்லூரிப் பேச்சுதான். ராசிபுரமா, நாமக்கல்லா, இல்லை திருச்சிக்கே அனுப்பிவிடலாமா? திருச்சி என்றதும் தூய வளனார், பிஷப் ஹீபர், ஜமால் முகமது என்ற பெயர்கள் வரும். கூடவே ஒரு தயக்கமும் வரும். "அங்க போனா நம்ம சாமியை மறந்துடுவானோ?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாகாது. மாசி பெரியசாமியும் எட்டுக்கை அம்மனும் இந்த மலையில் வெறும் கோயில்கள் அல்ல; குலத்தையும் காட்டையும் பிடித்து நிறுத்தும் உறவுகள்.

எதிர்ப்பக்கமும் நியாயம் உண்டு. தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது. அதை நிறுவியவர்கள் இறைநம்பிக்கையால்தான் பள்ளி கட்டினார்கள். அந்த நம்பிக்கையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று இன்று சொல்வது எப்படிச் சரியாகும்? சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தருகிறது. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் எவரையும் அவர் சம்மதமின்றிச் சமயபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. மாணவர் சிறுவயதினராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு அறநெறி வகுப்பு என்று தனித்தனியே நடத்தும் வழக்கம் பல கல்லூரிகளில் நெடுநாளாக இருக்கிறது.

சமயக் கல்வியின் நோக்கம் எது என்பதற்கு நம் மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1913 வாக்கில் இங்கு குடியேறிய ஜெசி பிராண்ட் சமயம் பரப்ப வந்தவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வைத்தியமும் பார்த்தார், தச்சுவேலையும் கற்றுக்கொடுத்தார். 1929இல் காய்ச்சலில் இறந்து இந்த மண்ணிலேயே அடக்கமானார். 1914இல் ஊட்டியில் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்கள் பிழைக்கத் தொழில் வேண்டுமே என்று தச்சுப்பட்டறையும் வைத்தார். அப்பாவிடம் கண்டது என்றே தோன்றுகிறது. அந்த மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்வோர், படிப்பு முடிந்ததும் சிற்றூர் மருத்துவமனைகளில் இரண்டாண்டு பணி செய்யும் கடமையை இன்றும் ஏற்கிறார்கள்.

சமயக் கல்லூரிகள் எல்லாமே, எந்தச் சமயத்தவை ஆயினும், இந்த வழியில் ஓரடி வைக்கலாம். பழங்குடி மாணவரைச் சேர்க்கும்போதே அறநெறி வகுப்பில் என்ன கற்பிக்கப்படும் என்று பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விடுமுறையில் அந்த மாணவரோடு ஆசிரியர் ஒருவரும் மலையேறி, மிளகு விலையும் பள்ளி இடைநிற்றலும் இங்கே எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம். நம் தரப்பில், படிவத்தில் கல்லூரியின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மறுக்காமல், விடுதி விதிகளைக் கேட்டறிந்து முடிவெடுக்கலாம். அங்கே படித்துத் திரும்பிய நம் பிள்ளைகளையே விசாரிக்கலாம். மே 1 கிராம சபைக் கூட்டம் சேர்க்கைக் காலத்தை ஒட்டியே வருகிறது. அவர்களில் இருவரை அங்கே பேச அழைப்பதற்கு ஊராட்சிக்குச் செலவு ஏதுமில்லை.