தென்னங்கன்றுக்கும் வவுச்சர் வேண்டும்

60-ஆம் நம்பர் என்று சீட்டு ஒட்டிய நூற்கட்டில் 40-ஆம் நம்பர் நூல் இருந்தால், பாவு ஓட்டும்போதே நெசவாளரின் விரல் அதைக் கண்டுகொள்ளும். கட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். நஷ்டம் ஒரு நாளோடு போகும். தென்னங்கன்று வாங்கும் விவசாயிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாம் வாங்கியது இன்னதென்று மரமே அவருக்குச் சொல்ல வேண்டும். அது வாய் திறக்க நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் அங்கத்தினர், குட்டை-நெட்டை ஒட்டு ரகம் என்ற சீட்டை நம்பி, ஓர் ஏக்கருக்குரிய 70 கன்றுகளை வாங்கி நட்டார். நான்காம் ஆண்டில் பாளை வந்தது. காய்த்தவையோ பெரும்பாலும் செவ்விளநீர். குட்டை மரத்தின் கொப்பரை தோல்போல் வளைவதாகையால், கொப்பரைக்கென்று வைத்த தோப்பு அதற்கு உதவாமற் போயிற்று. கன்று விற்றவரைத் தேடிச் சென்றபோது, அவரிடம் ஏடும் இல்லை. இவரிடம் ரசீதும் இல்லை.

கன்றிலேயே காணத்தக்க அடையாளங்கள் இல்லாமலில்லை. செவ்விளநீர்க் குட்டையைத் தாயாக வைத்து, நெட்டையின் மகரந்தத்தைச் சேர்த்து உண்டாக்கிய கன்றுகளில், இலைக்காம்பு ஆரஞ்சு நிறமாக இருப்பவை கலப்பு ஏறாதவை. தாயைப்போல வெறும் குட்டைகளே. காம்பு பழுப்புச் சாயலாக இருப்பவையே ஒட்டுக் கன்றுகள். நேர்மையான நாற்றங்காலார் முன்னவற்றைப் பிரித்து ஒதுக்குவர். மற்றவர் அவற்றுக்கும் ஒட்டுச் சீட்டே கட்டிவிடுவர். மேற்சொன்ன அங்கத்தினர் காம்பைப் பார்த்திருந்தால் அன்றே தப்பியிருப்பார். ரகம் எதுவாயினும், 9 முதல் 12 மாத வயதுக் கன்றில் ஆறு இலைகளேனும் இருக்க வேண்டும். தூரின் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையலாகாது, இலை முந்தியே கீற்றாகப் பிரிந்திருப்பது நலம்.

ஆயினும் கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதே என் கருத்து. தாய் மரம் பச்சை நிறமுடையதாயின் காம்பின் நிறம் நல்ல சாட்சியாகாது. நெட்டை மரம் பெரும்பாலும் அயல் மரத்தின் மகரந்தத்தால் காய்ப்பது. கொழுத்த கன்றைப் பார்த்து அதன் தகப்பனை எவரும் கூற இயலாது. ஒட்டு மரத்தின் காயை முளைக்க வைத்து, அதையும் ஒட்டு ரகம் என்று விற்பாருண்டு. அக்கன்றுகள் ஒரே குணமாய் நில்லாமல் பலவாறாகப் பிரிந்து போகும். இவற்றையெல்லாம் காட்டிக் கொடுக்கவல்லது நாற்றங்கால் ஏடு ஒன்றே.

2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. வாழ்வே சாய்ந்து கிடக்கையில் கிடைத்த கன்றை வாங்கி நட்டவரை நான் குறை கூறேன். ஆனால் அவசரமே பொய்ச் சீட்டுக்குச் சந்தை என்பதை நாம் மறக்கலாகாது. அந்த அவசரத்தைத் தனி மனிதரால் தவிர்க்க இயலாது, சங்கத்தால் இயலும்.

ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினரின் தேவையை ஓராண்டு முன்னதாகவே கேட்டறிந்து, வேப்பங்குளம், ஆழியாறு போன்ற ஆராய்ச்சி நிலையங்களிலோ அரசுப் பண்ணைகளிலோ மொத்தமாகப் பதிவு செய்யட்டும். தாய் எது, தகப்பன் எது, காய் ஊன்றிய நாள் எது என்ற மூன்றும் ரசீதில் எழுதப்படட்டும். எந்தக் கன்று எவர் தோப்பில் நடப்பட்டது என்பதற்குச் சங்கத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும். விலை சற்றுக் கூடும் என்று சிலர் சொல்லக்கூடும். கூடட்டும், தவறான கன்றுக்கு ஊற்றும் தண்ணீரும், இடும் எருவும், போகும் ஆண்டுகளும் அதைவிட விலை மிக்கவை.

ஐம்பது ரூபாய்ச் செலவுக்கும் வவுச்சர் எங்கே என்று மகாசபையில் எழுந்து கேட்கும் அங்கத்தினர்களே, அறுபது ஆண்டு நிற்கப்போகும் மரத்துக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.